பன்னிரண்டில் மூன்று போனால் இரண்டு

எந்தப் போர், எந்தக் கடல், கப்பலின் பெயர் என்ன என்று இதில் தேட வேண்டாம். கிடைக்காது. ஒரு கப்பலின் பெயரையும் ஒரு கிழமையையும் ஊரறியச் சொன்னதால் வந்த வினையைப் பற்றித்தான் எழுதப் போகிறோம். எழுதுகிற சாக்கில் அதே வினையை மறுபடியும் செய்துவைக்க நமக்கென்ன தலையெழுத்தா?

ஊரைச் சொல்லலாம். ஆவூர். ஆளையும் சொல்லலாம். சூசைராஜ், வயது ஐம்பத்தேழு. கடற்படையில் பதினைந்து வருடம் மின்சாரப் பிரிவில் இருந்துவிட்டு வந்து, இப்போது போர்வெல் மோட்டாருக்குக் காயில் கட்டிக் கொடுக்கிறார். ஊரில் அவருக்குப் பெயர் 'நேவி'. கோபக்காரர். சும்மா கத்துகிற கோபமில்லை. காரணத்தோடு கத்துகிற கோபம். அதனால்தான் யாருக்கும் அவரைப் பிடிக்காது. காரணமில்லாமல் கத்துகிறவனை ஊர் 'அவன் அப்படித்தான்' என்று மன்னித்துவிடும். காரணத்தோடு கத்துகிறவனை என்ன செய்வது?

ஆவூர் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே ஒரு படிப்பகம் உண்டு. பெயரை நம்பிப் படிக்கப் போய்விடாதீர்கள், கேரம்போர்டு இடிக்கும். வாசலில் ஒரு கரும்பலகை. யார் காலமானார், எப்போது எடுக்கிறார்கள், எந்தக் கிழமை மின்தடை என்று அதில்தான் வரும். எழுதுகிறவர் கண்ணன். சொந்தமாக ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடை வைத்திருப்பவர், எழுத்து மணிமணியாக இருக்கும். போர் தொடங்கிய இரண்டாம் வாரம் பலகையின் மூலையில் புதிதாக ஒரு கட்டம் போட்டார்.

'மூழ்கிய போர்க்கப்பல்கள்: அவிங்க 6 – நம்மாளுங்க 3.'

இதில் 'நம்மாளுங்க' யார் என்று கேட்டால் கண்ணனுக்கே தெரியாது. சண்டை போடும் இரண்டு நாட்டிலும் ஆவூர்க்காரனுக்கு மாமன் மச்சான் கிடையாது. ஆனாலும் ஒரு ஆட்டம் என்றால் ஒரு பக்கம் உட்கார வேண்டாமா? எண்ணெய்க் கப்பல்களுக்குக் காவலாகப் போகிறவர்கள் நம்மாளுங்க. அவர்களைத் தடுக்கிறவர்கள் அவிங்க. டீவியில் ஒரு போர்க்கப்பல் எரிந்து சாய்வதைப் பின்னணியில் தவில் மாதிரி ஒன்றை அடித்துக் காட்டுகிறார்கள். அந்தப் புகைக்குக் கீழே நூற்றைம்பது பேர் தண்ணீரில் கிடக்கிறார்கள். படிப்பகத்தில் விசில் பறக்கிறது.

சூசைராஜுக்கு விசிலைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். காரணம் இருந்தது. அவருடைய மகள் சுடர்விழி, இருபத்தேழு வயது, ஒரு எண்ணெய்க் கப்பலில் மூன்றாம் அதிகாரி. அந்தக் கப்பல் போர் நடக்கிற நீரிணையின் வாசலில் நங்கூரம் போட்டு முப்பத்தொரு நாளாக நின்றுகொண்டிருந்தது. காவல் கப்பல் வந்து கூட்டிப் போனால்தான் உள்ளே நுழைய முடியும். அதே மாதிரி வரிசையில் நாற்பது கப்பல்கள். அவளுடைய ஒப்பந்தக் காலம் முடிந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. மாற்று ஆள் வந்தால் வீட்டுக்கு வரலாம். மாற்று ஆளை அந்தக் கடலுக்கு எந்தப் படகும் கொண்டுபோகவில்லை.

ஒருநாள் சாயங்காலம் சூசைராஜ் படிப்பகத்துக்குப் போய்ப் பலகை முன்னால் நின்றார்.

"டேய் கண்ணா, நம்மாளுகிட்ட மொத்தம் எத்தனை காவல் கப்பல்டா?"

"பன்னெண்டு மாமா. நியூஸ்ல போட்டான்."

"மூணு போயிருச்சு. மிச்சம்?"

"ஒம்பது."

"ரெண்டு."

கேரம்போர்டு நின்றது. ஒருவன் சிரிப்பை அடக்க முடியாமல், "நேவி மாமா, எங்களுக்குக் கணக்கு சொல்லிக்குடுத்த சொர்ணவல்லி டீச்சர் இன்னும் உசுரோடதான் இருக்காங்க" என்றான்.

"அந்தம்மா மலையாண்டி மினி பஸ்ல ஏறியிருந்தா நான் சொல்ற கணக்குப் புரிஞ்சிருக்கும்" என்றார் சூசைராஜ். "அவன்ட்ட மூணு பஸ் இருந்துச்சா? ஒண்ணு ஓடும். ஒண்ணு ஸ்பேர். ஒண்ணு ஒர்க்‌ஷாப்ல கழட்டிப் போட்டுக் கெடக்கும். போன ஐப்பசி மழையில ஓடுன வண்டி கம்மாய்க்குள்ள எறங்கிருச்சு. போனது ஒண்ணுதான? மிச்சம் ரெண்டுதான? என்னடா ஆச்சு?"

என்ன ஆனது என்று எல்லாருக்கும் தெரியும். ஸ்பேர் வண்டி ஓய்வில்லாமல் ஓடியது. ஒர்க்‌ஷாப்பில் கிடந்ததைப் பாதி வேலையோடு இழுத்து வந்து ஓட்டினான், அது நான்காம் நாள் பிரேக் இல்லாமல் புளியமரத்தில் நின்றது. ஸ்பேர் வண்டி இரண்டு மாதத்தில் இன்ஜின் காய்ந்து உட்கார்ந்தது. ஒரு பஸ் கம்மாய்க்குள் இறங்கியதற்கு ஊரே ஷேர் ஆட்டோவில் தொங்கியது.

"அதே கணக்குதான்டா. பன்னெண்டு கப்பல்னா பன்னெண்டும் கடல்லயா நிக்கும்? நாலு கடல்ல நிக்கும். நாலு போற வழியிலயோ வார வழியிலயோ இருக்கும். நாலு டாக்குல இன்ஜினைப் பிரிச்சுப் போட்டுக் கெடக்கும். முழுகுனது மூணும் எதுல போச்சு? கடல்ல நின்ன நாலுல. நாலாவதுல ஓட்டை, நொண்டிக்கிட்டு டாக்குக்குப் போயிருச்சு. டாக்குல கெடக்கிறத அவசரத்துக்கு மாட்ட முடியாது, இது மலையாண்டி பஸ் இல்ல. அப்ப மிச்சம் நாலு. அந்த நாலும் எப்பவும் நிக்க முடியாது. பட்டம் மாதிரி ட்ரோன் ஒண்ணு பறந்து வருது பாரு, அதை அடிக்கவே ஏவுகணை தீந்துபோகுது. நடுக்கடல்ல ரொப்ப முடியாது. ரெண்டு ரெண்டாத் துறைமுகத்துக்குப் போய் ரொப்பிட்டு வரணும். கடல்ல நிக்கிறது ரெண்டு. இப்பச் சொல்லு, யாருடா லீடிங்?"

கண்ணன் கொஞ்சம் யோசித்தார். நியாயமான ஆள்தான். ஆனால் நியாயம் கட்டத்துக்குள் அடங்க வேண்டும். "அதெல்லாம் எழுதுனா எடம் பத்தாது மாமா" என்றார்.

சூசைராஜ் சொல்லாமல் விட்ட கணக்கு ஒன்றும் உண்டு. அவர் வேலை பார்த்த கப்பலில் கேரளத்துக்காரர் ஒருவர் இருந்தார். எங்கேயாவது ஒயர் கருகினால் மூக்கை உறிஞ்சிவிட்டு, எத்தனையாவது தளத்தில் எந்தப் பெட்டி என்று சொல்லிவிடுவார். ஒருமுறை துறைமுகத்தில் நிற்கும்போது கீழ்த்தளத்தில் புகை எழுந்தது. அவர் சொன்ன பெட்டியை நேராகப் போய் அணைத்ததால் கப்பல் தப்பியது. அந்த மூக்கு உருவாகப் பதினெட்டு வருடம். கப்பலை மூன்று வருடத்தில் கட்டிவிடலாம். மூக்கை எந்தத் தளத்தில் கட்டுவது? மூழ்கிய மூன்று கப்பல்களோடு அப்படி எத்தனை மூக்குகள் போயின என்று எந்த டீவியும் சொல்வதில்லை. மிச்சமிருக்கிற கப்பல்களில் போன வருடம் சேர்ந்த பிள்ளைகள் புகையின் நடுவே புத்தகத்தைப் புரட்டிப் பெட்டியைத் தேடிக்கொண்டிருப்பார்கள். ஆனால் இதைப் படிப்பகத்தில் சொன்னால், மூக்குக்குத் தனிக் கட்டம் போட்டுவிடுவார்கள்.

காவல் கப்பல் நான்காக இருந்தபோது வாரம் இரண்டு முறை வரிசை உள்ளே போனது. இரண்டாகிவிட்ட பிறகு பன்னிரண்டு நாளைக்கு ஒரு முறை, அதுவும் எட்டு எட்டுக் கப்பலாக. வெளியே நிற்பவை நாற்பது. பெருக்கிப் பார்த்துவிட்டுச் சூசைராஜ் சோற்றில் கைவைக்காமல் எழுந்த ராத்திரிகள் உண்டு. மனைவி சந்தனமேரி ஒன்றும் கேட்க மாட்டார். தட்டை மூடிவைத்துவிட்டு ஜெபமாலையை எடுத்துக்கொள்வார்.

அப்பனுக்கும் மகளுக்கும் ஒரு ஏற்பாடு இருந்தது. எந்த நாளில் நுழைகிறோம் என்பதை வீட்டுக்குக்கூடச் சொல்லக் கூடாது என்று கேப்டன் எல்லாரிடமும் எழுதி வாங்கியிருந்தார். நியாயம்தான், சூசைராஜே அந்த விதியை அவளுக்கு மனப்பாடம் செய்துவைத்தவர்தான். ஆனாலும் பெற்ற வயிறு என்று ஒன்று இருக்கிறதே, அது ஆண்களுக்கும் உண்டு. இப்படி ஒரு விதி என்றைக்காவது வரும் என்று தெரிந்து, போன தடவை ஊருக்கு வந்திருந்தபோதே பேசி வைத்துக்கொண்டார்கள்: நுழைகிற கிழமை எதுவோ அந்தக் கிழமை அம்மாவைக் கறி எடுக்கச் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை காலையில் போன் வந்தது. சுடர்விழி வெயிலைப் பற்றிப் பேசினாள், தக்காளி தீர்ந்துவிட்டதைப் பற்றிப் பேசினாள். கடைசியில் போகிறபோக்கில், "அம்மாவை வியாழக்கெழமை கறி எடுக்கச் சொல்லுங்கப்பா, ரொம்ப நாளாச்சு" என்றாள்.

சூசைராஜ் போனை வைத்தார். சந்தனமேரியிடம்கூடக் கிழமையைச் சொல்லவில்லை. பதினைந்து வருடக் கடற்படை அவருக்குக் கற்றுக்கொடுத்தது அது: வாயை மூடு, கப்பல் மிதக்கும். கடைக்குப் போனார். ஒரு மோட்டாருக்குப் பாதி காயில் கட்டினார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு கோவிலுக்குப் போய், வியாழக்கிழமைப் பூசைக்கு ஒரு வேண்டுதல் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அவர் மறந்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு டீ குடிக்கப் போனவர் பஸ் ஸ்டாப்பில் அப்படியே நின்றார்.

பன்னிரண்டடி அகலம், எட்டடி உயரம். சவுக்குக் கட்டையில் கட்டி நிறுத்திய ஃப்ளெக்ஸ். நடுவில் சுடர்விழி. தலை மட்டும் அவளுடையது, கழுத்துக்குக் கீழே வேறு யாரோ ஒரு ஆண் அதிகாரியின் வெள்ளை உடுப்பு. பின்னால் ஒரு சிங்கம். இடது மூலையில் மாதா, வலது மூலையில் தலைவர். தலைவர் கொஞ்சம் பெரியவர். சிங்கத்துக்குப் பக்கத்தில் சீறிக்கொண்டு வருகிற ஒரு போர்க்கப்பல். எழுத்து மணிமணியாக இருந்தது.

'வரும் வியாழனன்று போர்க்கடலைக் கடக்கும் எங்கள் ஊர்ப் பெண் சிங்கமே! வென்று வா!' கீழே கப்பலின் பெயர், ஒரு எழுத்துப் பிசகாமல். அதற்கும் கீழே 'வாழ்த்தும் நெஞ்சங்கள்' என்று பதினான்கு பாஸ்போர்ட் சைஸ் முகங்கள். முதல் முகம் அழகுமலை, வார்டு மெம்பர், அடுத்த தேர்தலில் ஒன்றியக் கவுன்சிலர் ஆகப் போகிறவர். அதையும் ஃப்ளெக்ஸிலேயே போட்டிருந்தார்கள்.

சீறி வருகிற போர்க்கப்பலைச் சூசைராஜுக்கு அடையாளம் தெரிந்தது. மூழ்கிய மூன்றில் ஒன்று. கண்ணன் நெட்டில் நல்ல படமாகப் பார்த்து எடுத்திருக்கிறார். செத்த கப்பலைத் துணைக்கு அனுப்பி மகளை வாழ்த்தியிருந்தது ஊர்.

டீக்கடையிலிருந்து பால் பாக்கெட் வெட்டுகிற கத்தியை எடுத்துக்கொண்டு வந்தார். மேலே எட்டாததால் கீழேயிருந்து கிழித்தார். முதலில் போனது பதினான்கு முகங்கள். பிறகு கப்பலின் பெயர். பிறகு வியாழன். சிங்கம் வரை போவதற்குள் அழகுமலை புல்லட்டில் வந்துவிட்டார், பின்னால் கண்ணன்.

"அண்ணே! என்னண்ணே இது? ஆகாசத்துல வச்சுக் கொண்டாடுறோம், இப்படிக் கிழிச்சுப் போடுறீங்க! தலைவர் படம் இருக்கண்ணே அதுல!"

"ஒன் தலைவரை எவன் பாத்தான்? எம்மவ போற கெழமைய எதுக்குடா வச்சீங்க? கப்பல் பேரை எதுக்குடா வச்சீங்க?"

"கெழமை வைக்காம எப்படிண்ணே? காதுகுத்துக்கே நேரம் வக்கிறோம்."

"இது காதுகுத்தா? அங்க எவன் எப்ப வாரான்னு காத்துக்கிட்டு ஏவுகணையோட உக்காந்திருக்கான்டா!"

"அவன் இங்க ஆவூருக்கு வந்தா ஃப்ளெக்ஸ் படிக்கப் போறான்?" என்றார் அழகுமலை. கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். உண்மையில் நல்ல கேள்விதான். "தமிழ் தெரியுமாண்ணே அவனுக்கு?"

"அவன் எதுக்கு வரணும்? நீதான் அனுப்பிட்டியே. நேத்து ராத்திரியே ஃபேஸ்புக்ல போட்டிருப்பியே?"

அழகுமலை முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "போட்டாச்சுண்ணே. ஆயிரத்து நூறு லைக்கு. எனக்கு இதுவரைக்கும் அப்படி வந்ததே இல்ல."

சூசைராஜ் கண்ணன் பக்கம் திரும்பினார். கத்தி இன்னும் கையில் இருந்தது. "நீ சொல்லுடா. எந்த நாயிடா ஒனக்குக் கெழமையச் சொன்னது? கப்பல் பேரைச் சொன்னது? என் வீட்டுக்குள்ள எவன்டா ஒட்டுக்கேட்டான்? எம்பொண்டாட்டிக்கே தெரியாதுடா அது!"

கண்ணன் இரண்டடி பின்னால் போனார்.

"மாமா, கோவப்படாதீங்க. நீங்கதான் சொன்னீங்க."

"நானா?"

"ஞாயித்துக்கெழமை பூசையில வாசிச்சாங்கல்ல. நான் கோவிலுக்கெல்லாம் வரல மாமா, இந்தா இந்த டீக்கடையிலதான் உக்காந்திருந்தேன். ரேடியோ குழாய்ல கேட்டுச்சு. 'வியாழக்கிழமைத் திருப்பலிக் கருத்து: அன்று போர்ப்பகுதியைக் கடக்கும்' அப்படின்னு, கப்பல் பேரோட, 'மகள் சுடர்விழியின் பாதுகாப்புக்காக, ஒப்புக்கொடுப்பவர் சூசைராஜ்'. பேரு சரியா வெளங்கல. அப்புறமா உபதேசியார்ட்டப் போய்ச் சீட்டையே வாங்கிப் பாத்துத்தான் அடிச்சேன். ஒங்க கையெழுத்து மாமா."

இதை ஆவூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டாம், மற்றவர்களுக்குச் சொல்லிவிடலாம். வாரத்தில் என்னென்ன பூசை யார் யாருக்காக என்பதை ஞாயிற்றுக்கிழமையே உபதேசியார், அதாவது கோவில் காரியங்களைப் பார்க்கிறவர், மைக்கில் வாசித்துவிடுவார். ஒப்புக்கொடுத்தவர்கள் ஏமாந்துவிடக் கூடாதல்லவா? வருடாவருடம் அம்மா நினைவுநாளுக்கு எழுதிக் கொடுக்கிற பழக்கத்தில் சூசைராஜ் இதற்கும் எழுதிக் கொடுத்திருந்தார். அந்த ஞாயிறு முதல் பெஞ்சில்தான் முழங்காலில் நின்றார். தம் பெயர் வாசிக்கப்பட்டபோது கண்ணை மூடிக்கொண்டு 'ஆமென்' என்றார். மனுசனுக்குத்தான் ரகசியம். கடவுளிடம் கறி எடுக்கிற பாஷையிலா பேச முடியும்? யார், எங்கே, என்றைக்கு என்று தெளிவாகச் சொன்னால்தானே அவரும் காவலுக்கு ஏற்பாடு செய்ய முடியும்? அவரிடம் எத்தனை கப்பல் மிச்சமோ.

கத்தியை டீக்கடைக்காரர் மெதுவாக வாங்கிக்கொண்டார்.

மதியம் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். தலைவர் படத்தைக் கிழித்ததாக மனு. அழகுமலை தம் முகம் இருந்த துண்டைச் சாட்சியாகக் கொண்டுவந்திருந்தார். எழுத்தர், "சார், நீங்க எக்ஸ் சர்வீஸ்மேன். நாட்டுக்காக இருந்தவரு. நீங்களே இப்படிப் பண்ணலாமா?" என்று மரியாதையாகக் கேட்டார். ஃப்ளெக்ஸ் வைக்க அனுமதி வாங்கப்பட்டதா என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் மாவட்டத்தில் ஒரு கம்பமும் மிஞ்சாது.

சூசைராஜுக்கு அது எதுவும் காதில் ஏறவில்லை. கண்ணன் தம் போனை நீட்டிக் காட்டியிருந்தார்: அழகுமலை போட்ட படத்தை யாரோ எடுத்து, மேலே ஆங்கிலத்தில் எழுதி, போர்ச் செய்தி போடுகிற ஒரு பக்கத்தில் ஏற்றியிருந்தார்கள். நாலாயிரம் பேர் பார்த்திருந்தார்கள். அந்த நாலாயிரத்தில் வாழ்த்துகிற நெஞ்சம் எது, வாய்ப்புப் பார்க்கிற நெஞ்சம் எது என்று யார் பிரித்துச் சொல்வது?

சொல்லாமல் விட்டால் ஒன்றும் நடக்காமலும் போகலாம். நடந்தால் எட்டுக் கப்பல். சொன்னால் மகளின் வேலை போகும், வியாழக்கிழமையும் போகும். பன்னிரண்டு கப்பல் இருந்த காலமாயிருந்தால் வியாழன் போனால் திங்கள். இப்போது வியாழன் போனால் எப்போது?

ஸ்டேஷன் வாசல் புளியமரத்தடியில் நின்று கூப்பிட்டார். மூன்றாவது தடவை எடுத்தாள்.

"என்னப்பா இந்த நேரத்துல? அம்மாவுக்கு ஒண்ணுமில்லையே?"

"அம்மா நல்லாயிருக்கா. தாயி, அந்தக் கறி விசயம் ஊருக்குத் தெரிஞ்சுபோச்சு."

"எந்த ஊருக்கு?"

"நம்ம ஊருக்கு. கோவில்ல பூசைக்கு எழுதிக் குடுத்தேன். மைக்ல வாசிச்சுட்டாங்க. ஃப்ளெக்ஸ் அடிச்சுட்டாங்க. கப்பல் பேரு, கெழமை எல்லாம் போட்டு. இப்ப நெட்ல கெடக்கு."

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"எத்தன பேர் பாத்திருக்காங்க?" கேட்டது மகள் இல்லை, அதிகாரி.

"நாலாயிரம் சொச்சம்."

"அப்பா, நீங்க நேவிப்பா."

அதற்கு மேல் அவள் ஒன்றும் திட்டவில்லை. எங்கள் கேள்வி என்னவென்றால், அதற்கு மேல் திட்டுவதற்கு என்ன இருக்கிறது?

"கேப்டன்கிட்டச் சொல்லு தாயி."

"சொன்னா, வீட்டுக்குச் சொன்னது நான்தான்னும் சொல்லணும்."

"தெரியும்."

"எட்டுக் கப்பல் போகுதுப்பா. ஒவ்வொண்ணுலயும் இருபது இருபத்தஞ்சு பேரு."

"அதுக்குத்தான் கூப்பிட்டேன்."

"சரி. வைங்க."

வியாழக்கிழமை காலையில் பூசை நடந்தது. எழுதிக் கொடுத்ததை மாற்ற முடியாதல்லவா? சூசைராஜும் சந்தனமேரியும் முன்பெஞ்சில் இருந்தார்கள். உபதேசியார் சீட்டைப் பார்த்தார், சூசைராஜைப் பார்த்தார், 'ஒரு தனிப்பட்ட கருத்துக்காக' என்று மட்டும் வாசித்தார். ஞானம் எப்போதும் வந்துவிடுகிறது, நாலு நாள் தாமதமாக.

என்ன நடந்தது என்பது ஞாயிற்றுக்கிழமைக்குள் தெரிந்தது. வரிசை வியாழக்கிழமை போகவில்லை. நாளையும் நேரத்தையும் மாற்றி, ஏழு கப்பலோடு போனது. ஏழும் பத்திரமாகக் கடந்தன. எட்டாவதை, அது பெயர் ஊரறிந்த கப்பல் என்பதால், விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். காவலுக்குப் போன இரண்டில் ஒன்று திரும்பி வரும் வழியில் கண்ணிவெடியில் மாட்டிக்கொண்டது. மூழ்கவில்லை. பின்பக்கம் சிதைந்து, இன்னொன்று அதை இழுத்துக்கொண்டு துறைமுகம் போனது. மூழ்காததால் கரும்பலகையில் ஏறவில்லை. ஸ்கோர் 6 – 3, மாற்றமில்லை, நம்மாளுங்க இன்னும் லீடிங். லீடிங்கில் இருக்கிறவர்கள் ஒரு அறிவிப்பு விட்டார்கள்: மறு அறிவிப்பு வரும்வரை காவல் வரிசை கிடையாது.

அழகுமலை கடைக்கே வந்தார். மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். முகம் பெருந்தன்மையில் பளபளத்தது.

"அண்ணே, யோசிச்சுப் பாத்தா மாதா செயல்தாண்ணே. நம்ம ஃப்ளெக்ஸ் வைக்கலைன்னா புள்ள அந்தக் கண்ணிவெடி கெடக்கிற பக்கம் போயிருக்கும்ல? ஃப்ளெக்ஸ்தான் காப்பாத்துச்சு. அதை வச்சு ஒண்ணு அடிக்கலாம்னு கண்ணன்கிட்ட..."

சூசைராஜ் காயில் சுற்றிக்கொண்டிருந்தார். நிமிராமலே பேசினார். குரல் உயரவில்லை, அவரைத் தெரிந்தவர்கள் அதற்குத்தான் பயப்படுவார்கள்.

"அழகுமல, போன ஏழு கப்பலும் போய்ச் சேந்திருச்சு. அதுல இருந்தவங்கள்லாம் இந்நேரம் கரையில எறங்கி டீ குடிச்சிருப்பாங்க. போகாம நிக்கிறது எம்மவ கப்பல் ஒண்ணுதான். ஒன் மூஞ்சி அந்த மூலையில தெரியணும்னு நிக்கிது. எந்திரிச்சுப் போயிரு. காயில் கட்டுற கம்பி கைல இருக்கு."

அழகுமலை எழுந்து போனார். கோபக்காரர்களிடம் நன்றியை எதிர்பார்க்கக் கூடாது என்று புல்லட்டை உதைக்கும்போது யாரிடமோ சொன்னார்.

அன்று சாயங்காலம் சூசைராஜ் படிப்பகத்துக்குப் போய், யாரிடமும் எதுவும் பேசாமல் சாக்பீஸை எடுத்து, கட்டத்துக்குக் கீழே ஒரு வரி எழுதிவிட்டு வந்தார்: '12 – 3 = 1'. மறுநாள் காலையில் யாரோ கணக்குத் தெரிந்த ஒருவர் அந்த ஒன்றை அடித்துவிட்டு 9 என்று திருத்தியிருந்தார். பக்கத்தில் ஒரு சரி குறி வேறு.

திங்கள் மதியம் சுடர்விழியின் போன். சந்தனமேரி ஸ்பீக்கரில் போட்டார். கேப்டன் அவள் பதிவேட்டில் சிவப்பில் எழுதிவிட்டாராம். கம்பெனி அவளை உடனே கப்பலிலிருந்து இறக்கச் சொல்லிவிட்டதாம். இறக்கிவிடப் படகு கிடையாது, அவள் இடத்துக்கு ஏற்றிவிட ஆளும் கிடையாது. அதனால் வேலையிலிருந்து நீக்கப்பட்டவள் தினம் எட்டு மணி நேரம் அதே வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். குளிக்க ஒரு நாளைக்கு இரண்டு வாளித் தண்ணீர். அரிசி இருக்கிறது, பருப்பு இருக்கிறது.

"காவல் இல்லாமப் போகச் சம்மதம்னு கையெழுத்துக் கேக்குறாங்கம்மா" என்றாள். "போட்டவங்களை மட்டும் வச்சு ஓட்டிரலாம்னு பாக்குறாங்க. இதுவரைக்கும் ஒம்பது பேர் போட்டுட்டாங்க. எத்தன நாள் இப்படியே நிக்கிறது?"

"நீ போட்டுட்டியா?" என்றார் சந்தனமேரி.

"இல்லம்மா. இன்னும் போடல."

சந்தனமேரி முந்தானையால் போனின் கண்ணாடியைத் துடைத்தார், அதில்தான் ஏதோ மங்கியிருப்பது போல.

"அப்பா இருக்காங்களா?"

"இருக்கேன் தாயி."

"இன்னொரு போர்க்கப்பலை டாக்குலேருந்து எறக்குறாங்களாம். வந்தா வரிசை போகும்னு பேச்சு. கெழமை தெரிஞ்சா நான்..."

"சொல்லாத."

"அப்பா?"

"எனக்குச் சொல்லாத. கறின்னு சொல்லாத, மீனுன்னு சொல்லாத. ஒண்ணும் சொல்லாத."

"அப்ப அம்மாகிட்ட?"

"அவகிட்டயும் வேணாம். அவ மாதாகிட்டச் சொல்லுவா." சூசைராஜ் போனை மனைவி கையிலிருந்து வாங்கி வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். "கரையில கால வச்சப்புறம் கூப்பிடு. அதுவரைக்கும் இந்த வீட்டுல கறி கெடையாது."